வாலில் ஏறிய 70 கிராம்: ஒரு பஃபலோ மாதிரி விமானம் விழுந்த நிகழ்வின் ஆய்வு

ஜனவரி மாதத்து ஞாயிற்றுக்கிழமை ஒன்றில், காலை ஒன்பதே முக்கால் மணிக்கு, எங்கள் குழுவில் மூத்தவரான அண்ணன் பதினான்கு மாதங்கள் உழைத்துக் கட்டிய ரேடியோவால் பறக்கும் புரூஸ்டர் பஃபலோ (இரண்டாம் உலகப் போர்க்கால அமெரிக்கப் போர் விமானம்) மாதிரி விமானம், தன்னுடைய ஒன்பதாவது பறப்பில், தரையிறங்குவதற்காக இடப்புறம் திரும்பும்போது இடது இறக்கை திடீரென்று சாய்ந்து, அரைச்சுற்றுக்குச் சற்று அதிகமாகப் புரண்டு, திடலின் ஓரத்துப் புல்லில் மூக்கு குத்தி விழுந்தது. யாருக்கும் காயமில்லை. அருகில் சைக்கிள் பாதையோ நடைபாதையோ இல்லாத பக்கம் அது. பேட்டரியைக் கழற்றி மணல் வாளியில் போட்டுவிட்டு, சிதறியவற்றைப் பொறுக்கி இரண்டு பெரிய பைகளில் அள்ளிக்கொண்டு வந்தோம்.

திடலில் நின்ற ஏழு பேரில் ஐந்து பேர் அப்போதே சொன்ன காரணம் ஒன்றுதான்: சிக்னல் போய்விட்டது. அண்ணனும் அதையே சொன்னார். மூன்று வாரம் கழித்து நாங்கள் எட்டிய முடிவு வேறு. ரேடியோ கடைசி நொடி வரை வேலை செய்திருந்தது. விமானம் விழுவதற்கான ஏற்பாடு அதற்கு முந்தைய ஐந்து மாதங்களில், அடுக்குமாடி வீடொன்றின் சமையலறை மேசையில், கிராம் கிராமாக நடந்து முடிந்திருந்தது. குழுவின் குறிப்பேட்டை வைத்திருப்பவன் என்பதால் இதை எழுதும் வேலை எனக்கு வந்தது. பெயரைப் போடாமல் எழுதினால் போதும் என்று அண்ணன் சம்மதித்தார்.

விமானம்

போர் விமான மாதிரிகள் கட்டுபவர்களில் பெரும்பாலோர் ஸ்பிட்ஃபயரில் தொடங்கி முஸ்டாங்கில் முடிப்பார்கள். ஸ்பிட்ஃபயருக்கும் சிங்கப்பூருக்கும் உறவு உண்டு. பிரிட்டிஷ் விமானப்படையின் கடைசி ஸ்பிட்ஃபயர் செயற்பணிப் பறப்பு 1954 ஏப்ரல் 1 அன்று சிலேத்தாரிலிருந்துதான் கிளம்பியது. ஆனால் அண்ணனுக்கு வேண்டியது காலாங்கில் நின்ற விமானம். 1941 மார்ச்சில் காலாங் விமானத்தளத்தில் 243ஆம் படையணி பஃபலோக்களுடன் அமைக்கப்பட்டது; அந்த ஆண்டின் பிற்பகுதியில் நியூசிலாந்தின் 488ஆம் படையணியும் அங்கே வந்து சேர்ந்தது. ஆஸ்திரேலியர்களின் பஃபலோக்கள் செம்பவாங்கில் இருந்தன. 243இல் பறந்த நியூசிலாந்துக்காரர் ஜெஃப்ரி ஃபிஸ்கன், பஃபலோவில் அதிக எதிரி விமானங்களை வீழ்த்திய காமன்வெல்த் விமானி என்று பெயர் பெற்றவர். காலாங்கின் பழைய முனையக் கட்டடம் இன்றும் நிற்கிறது; கப்பல் பட்டறை வேலைக்குப் பேருந்தில் போன காலத்தில் அதைப் பார்த்துப் பார்த்தே இந்த ஆசை பிடித்ததாக அண்ணன் சொல்வார். ஆகவே 243ஆம் படையணியின் டபிள்யூ பி எழுத்துகளும், மேலே அடர்பச்சையும் மண்நிறமும் கலந்த வண்ணமும் அந்த மாதிரியில் ஏறின.

ஆறில் ஒரு பங்கு அளவில் கட்டப்பட்ட அதன் இறக்கை, நுனியிலிருந்து நுனி வரை 1.78 மீட்டர். இறக்கைப் பரப்பு 0.54 சதுர மீட்டர். இறக்கையின் சராசரி அகலம், அதாவது முன்விளிம்பிலிருந்து பின்விளிம்பு வரை, 30 சென்டிமீட்டர். பால்சாவும் பிளைவுட்டும் சேர்ந்த சட்டகம், அதன் மேல் மெல்லிய பால்சாத் தோல், அதற்கும் மேல் ஃபைபர் கிளாஸ். பசைத் துளிகளால் வைத்த ரிவெட்டுகள் மட்டும் ஆறாயிரத்துக்கு மேல். எடை 4.2 கிலோவில் நிற்கும் என்று திட்டமிட்டார். முதல் பறப்பன்று தராசு 4.9 காட்டியது. 250 கிராமைத் தாண்டிய எதையும் சிங்கப்பூர் சிவில் விமானப் போக்குவரத்து ஆணையத்திடம் பதிவு செய்ய வேண்டும், 1.5 கிலோவைத் தாண்டினால் பறக்கவிடுபவருக்கு அடிப்படைப் பயிற்சிச் சான்றிதழும் வேண்டும். இரண்டும் முறையாக இருந்தன.

பஃபலோவை மாதிரியாகக் கட்டுவதில் பிறவிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. பீப்பாய்க்கு இறக்கை முளைத்தது போன்ற அந்த உடலுக்கு மூக்கு மிகக் குட்டை. உண்மை விமானத்தில் அந்தக் குட்டை மூக்கில் அரை டன் எடையுள்ள ரைட் சைக்ளோன் எஞ்சின் உட்கார்ந்திருந்ததால் வாலுக்கும் மூக்குக்கும் கணக்கு நேரானது. அளவோடு எடையையும் சுருக்கினால் அந்த எஞ்சினுக்கு ஈடாக எங்கள் மாதிரியின் மூக்கில் இரண்டு கிலோவுக்கு மேல் இருக்க வேண்டும். அங்கே இருந்ததோ 350 கிராம் மின்மோட்டார். மீதியை பேட்டரியும் ஈயக்கட்டியும் நிரப்பியாக வேண்டும். இந்த விமானத்தின் வாலில் வைக்கும் ஒவ்வொரு கிராமுக்கும் மூக்கில் ஏறத்தாழ மூன்று கிராம் வட்டி கட்ட வேண்டும் என்பதைக் கட்டத் தொடங்கும்போது எல்லோரும் அறிந்திருந்தோம். பழுதுபார்க்கும்போது மறந்துபோனோம்.

‘சிக்னல் போச்சு’

விழுந்த அரை நிமிடத்தில் நான் கேட்டேன்: “அண்ணே, ஸ்டிக் பிடிச்சுதா?” அவர் கையிலிருந்த டிரான்ஸ்மிட்டரையே பார்த்துக்கொண்டு சொன்னார்: “பிடிக்கலப்பா. வலது ஃபுல்லா கொடுத்தேன். கையில ஒண்ணுமே இல்லாத மாதிரி ஆயிடுச்சு.”

இந்தச் சொற்கள் முக்கியமானவை. அவர் உணர்ந்ததை உள்ளபடியே சொன்னார். தொல்லை என்னவென்றால், சிக்னல் அறுந்தாலும் இறக்கை ஸ்டால் ஆனாலும் விரல்களுக்குத் தெரிவது ஒன்றேதான். இறக்கையின் மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று பிரிந்து தூக்குவிசை சரிவதுதான் ஸ்டால்; அப்போது இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரான் கீழே இறங்கியிருந்தாலும் அதற்குப் பிடிக்கக் காற்று இல்லை. ஆகவே விரலின் சாட்சியத்தை வைத்து இரண்டையும் பிரிக்க முடியாது. 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவிகள் வந்த பிறகும் எங்கள் பொழுதுபோக்கில் விழும் விமானங்களில் பாதிக்கு மேல் சிக்னலின் தலையில் கட்டப்படுவதற்கு இதுவே காரணம் என்பது என் கருத்து. சிக்னலைக் குறைசொன்னால் யார் மனமும் நோகாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம்.

நல்ல வேளையாக அண்ணனின் டிரான்ஸ்மிட்டர் நொடிக்குப் பத்து முறை எல்லாவற்றையும் நினைவக அட்டையில் எழுதிக்கொண்டிருந்தது: ஸ்டிக்குகளின் நிலை, விமானத்தில் உள்ள ரிசீவரின் மின்னழுத்தம், இணைப்பின் வலிமை, மோட்டார் இழுத்த மின்னோட்டம், உயரம், தரைவேகம். ரிசீவர் மின்னழுத்தம் ஒருமுறைகூட 5.7 வோல்ட்டுக்குக் கீழே போகவில்லை. இணைப்பின் வலிமை, எச்சரிக்கை ஒலிக்கும் எல்லைக்கு மிக மேலேயே இருந்தது. இவற்றைக் காட்டியபோதும் இரண்டு பேர் நம்பவில்லை. கண நேர இழப்பு பதிவில் விழாமல் போகலாம் என்றார்கள். அது நியாயமான கேள்வி.

பதில் மின்னோட்டத்தின் வரிசையில் கிடைத்தது. இறக்கை சாய்ந்து ஒன்றரை நொடி கழித்து அண்ணன் மோட்டாரை முடுக்கும் திராட்டிலை முழுவதும் தள்ளியிருக்கிறார். அடுத்த பதிவிலேயே மோட்டார் இழுத்த மின்னோட்டம் 9 ஆம்பியரிலிருந்து 48க்கு எகிறியிருக்கிறது. அந்த ரிசீவரில், சிக்னல் அறுந்தால் மோட்டார் நின்றுவிடும்படி அவரே அமைத்திருந்தார். சிக்னல் இல்லாத விமானம் கட்டளைக்குக் கீழ்ப்படிந்து மோட்டாரை முடுக்கியிருக்க வழியே இல்லை. அந்த வரியைக் காட்டியபோது அண்ணன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, “அப்போ வேற எங்கயோ தப்பு” என்றார். ஆய்வு உண்மையில் அங்கேதான் தொடங்கியது.

வால்

உடைந்த உடலின் பின்பாதி ஏறத்தாழ முழுசாகக் கிடைத்தது. அதைச் சமையலறைத் தராசில் வைத்து, கட்டும்போது அண்ணன் எழுதிவைத்திருந்த எடையோடு ஒப்பிட்டோம். 70 கிராம் கூடுதல். முதலில் தராசைச் சந்தேகித்து, ஒரு கிலோ சர்க்கரைப் பொட்டலத்தை வைத்துச் சரிபார்த்தோம். தராசு சரி.

எழுபது கிராம் எப்படி வந்தது என்பதை அவரே நினைவிலிருந்து பிரித்துச் சொன்னார். நான்காவது பறப்பில் தரையிறங்கும்போது வால்சக்கரத்தின் தாங்கி பிய்ந்துவிட்டது. அது மறுபடி பிய்யக்கூடாது என்று பிளைவுட், எப்பாக்சி, இரண்டு மடிப்பு கண்ணாடித் துணி வைத்துப் பலப்படுத்தினார், 31 கிராம். கம்பிக் காலை எடுத்துவிட்டு, பார்க்க உண்மை போலவே இருக்கும் உலோகக் காலும் ரப்பர் சக்கரமும் மாட்டினார், கூடுதல் 22 கிராம். பழுதான இடத்தின் வண்ணம் பொருந்தவில்லை என்று வாலில் நிமிர்ந்து நிற்கும் ரடரையும் உடலின் பின்பகுதியையும் முழுவதும் மீண்டும் பூசி, மேலே மங்கல் வார்னிஷ் அடித்தார், 17 கிராம். மூன்றும் மூன்று வெவ்வேறு வாரங்களில் நடந்தவை. எந்த ஒன்றும் தனியாகப் பார்த்தால் கவலைப்படும் அளவில் இல்லை. பட்டறையில் பலப்படுத்திப் பழகிய கைக்கு, பிய்ந்த இடத்தை முன்பைவிட உறுதியாகக் கட்டுவது நியாயமாகவே தோன்றும். கப்பலுக்கு அது சரி.

கணக்கு எளியது. அந்த 70 கிராம், ஈர்ப்பு மையத்துக்குச் சராசரியாக 80 சென்டிமீட்டர் பின்னால் இருந்தது. பெருக்கினால் 5,600. மொத்த எடை 4,970 கிராமால் வகுத்தால், ஈர்ப்பு மையம் 1.1 சென்டிமீட்டர் பின்னுக்குப் போயிருக்கிறது. அதை ஈடுகட்ட, மையத்துக்கு 28 சென்டிமீட்டர் முன்னால் உள்ள மோட்டார் தாங்கியில் சரியாக 200 கிராம் ஈயம் சேர்த்திருக்க வேண்டும். சேர்க்கப்பட்டது ஒன்றுமில்லை.

இதோடு முடியவில்லை. டிசம்பரில் அண்ணன் புதிய பேட்டரி வாங்கினார். அதே கொள்ளளவு, ஏறத்தாழ அதே எடை, ஆனால் அகலம் 4 மில்லிமீட்டர் கூடுதல். பேட்டரித் தட்டின் முன்முனையில் உள்ள சட்டத்தின் திறப்புக்குள் அது நுழையவில்லை. விழுந்தபோது பேட்டரி முன்னோக்கிப் பாய்ந்துவிட்டதால், பறக்கும்போது அது எங்கே இருந்தது என்பதைச் சிதைவுகளை வைத்துச் சொல்ல முடியாது. ஆனால் அன்று காலை மூடி திறந்திருந்தபோது குழுவில் ஒருவர் விமானி பொம்மையைப் படமெடுத்திருந்தார். படத்தின் ஓரத்தில் பேட்டரித் தட்டு தெரிகிறது. தட்டில் அண்ணன் சிவப்பு மையால் போட்ட கோடும், அந்தக் கோட்டுக்கு மூன்று சென்டிமீட்டர் பின்னால் நிற்கும் பேட்டரியின் முனையும் தெரிகின்றன. 600 கிராம் பேட்டரி மூன்று சென்டிமீட்டர் பின்னால் போனால் ஈர்ப்பு மையம் இன்னும் 4 மில்லிமீட்டர் நகரும். ஆகமொத்தம் ஒன்றரை சென்டிமீட்டர். முன்விளிம்பிலிருந்து இறக்கை அகலத்தில் 27 விழுக்காட்டில் இருக்க வேண்டிய மையம் 32க்குப் போயிருந்தது. பறக்கவே முடியாத நிலை இல்லை அது. ஆனால் மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரைத் தொட்டாலே மூக்கு துள்ளி எழும் நிலை. ஆறாவது பறப்பிலிருந்தே “கொஞ்சம் துடிப்பா இருக்கு” என்று அண்ணன் சொன்னது என் குறிப்பேட்டிலேயே இருக்கிறது. நான் அதை எழுதிக்கொண்டேனே தவிர, ஏன் என்று கேட்கவில்லை.

1941–42இல் இந்த விமானத்தை ஓட்டியவர்கள் அதன் எடையோடு மல்லாடியவர்கள். ஜப்பானிய விமானங்களுக்கு ஈடுகொடுக்க முடியாமல், 0.50 அங்குலத் துப்பாக்கிகளைக் கழற்றி 0.303 அங்குலத் துப்பாக்கிகளை மாட்டினார்கள். எரிபொருளையும் தோட்டாவையும் குறைத்துப் பறந்தார்கள். அவர்கள் கழற்றிய விமானத்தில் நாங்கள் வார்னிஷ் ஏற்றிக்கொண்டிருந்தோம்.

லிஃப்ட் கதவு

வால் கனத்தது, மூக்கு எழுந்தது ஏன் என்பதை விளக்கும். இடது இறக்கை மட்டும் ஏன் அவ்வளவு வேகமாகச் சரிந்தது என்பதை விளக்காது. இறக்கை இரண்டு துண்டுகளாகப் பிரியும் அமைப்பு என்பதால் இடது துண்டின் வெளிப்பாதி உடையாமல் கிடைத்தது. அதையும் வலது துண்டையும் தட்டையான கண்ணாடிப் பலகையில் வைத்து, கோணமானியால் அளந்தோம். இறக்கையின் நுனி, உடலை ஒட்டிய பகுதியைவிட இரண்டு டிகிரி கீழ்நோக்கி முறுக்கியிருக்க வேண்டும். எங்களிடையே இதற்கு வாஷவுட் என்று பெயர். வேகம் குறையும்போது நுனி கடைசியாக ஸ்டால் ஆவதற்கும், அதுவரை எய்லரானுக்குப் பிடிப்பு இருப்பதற்கும் இந்த முறுக்கே காப்பு. வலது நுனியில் இரண்டு டிகிரி இருந்தது. இடது நுனியில் அரை டிகிரி.

காரணத்தை அண்ணி சொன்னார். “அன்னைக்கு லிஃப்ட்ல மாட்டிக்கிச்சே, அதுதானே இது?” அக்டோபரில் ஒருநாள், இறக்கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அண்ணன் லிஃப்டில் ஏறும்போது, கதவு மூடி நுனியை நசுக்கிவிட்டது. வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு பெரிய மாதிரி கட்டுபவர்கள் எல்லோருக்கும் லிஃப்டின் மூலைவிட்ட அளவு மனப்பாடம். ஆனாலும் கதவின் அவசரத்தை யாரும் அளந்து வைத்திருப்பதில்லை. நசுங்கிய தோலை உரித்து, இரண்டு விலாக்களை மாற்றி, புதிய பால்சா ஒட்டி, வெளியே ஒன்றும் தெரியாத அளவுக்கு அருமையாகச் செய்திருந்தார். ஆனால் செய்தது தட்டையான சமையலறை மேசையில். முதலில் கட்டியபோது பின்விளிம்புக்கு அடியில் 7 மில்லிமீட்டர் ஆப்பு வைத்த பலகை ஒன்று இருந்தது. அந்தப் பலகை, பிள்ளையின் திருமணத்துக்கு வீட்டை ஒழித்தபோது பழைய பொருள் வாங்கும் காராங்குனிக்காரரிடம் போய்விட்டது. தோலை உரித்ததும் முறுக்கு விட்டுப்போனது. தட்டையாக வைத்து ஒட்டியதும் தட்டையாகவே இறுகிவிட்டது.

காற்று

மீதியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். வடகிழக்குப் பருவக்காற்று அன்று கைக்கருவியில் மணிக்கு 18 கிலோமீட்டர் காட்டியது. காற்றோடு போகும்போது விமானம் தரையிலிருந்து பார்ப்பவருக்கு வேகமாகத் தெரியும். கண்ணுக்குப் பழகிய வேகம் வரும்வரை கை தானாகத் திராட்டிலைக் குறைக்கும். பதிவில் திரும்பும் கணத்தின் தரைவேகம் 61. காற்றின் 18ஐக் கழித்தால் இறக்கை உணர்ந்த வேகம் 43. அந்த எடைக்கும் இறக்கைக்கும் நாங்கள் போட்ட கணக்குப்படி, நேராகப் பறக்கும்போது ஸ்டால் ஆகும் வேகம் ஏறத்தாழ 41. 45 டிகிரி சாய்ந்து, உயரம் குறையாமல் திரும்பினால் அது 49 ஆகிவிடும். 43இல் பறந்துகொண்டிருந்த விமானத்தை 49 கேட்கும் திருப்பத்துக்குள் நுழைத்திருக்கிறோம். எலிவேட்டரை இழுத்ததும் துடிப்பான மூக்கு தேவைக்கு மேல் எழுந்தது. முறுக்கிழந்த இடது நுனி முதலில் கைவிட்டது. சாய்ந்ததைச் சரிசெய்ய முழு வலது எய்லரான் கொடுத்தபோது இடது எய்லரான் இறங்கி அந்த நுனியின் ஸ்டாலை இன்னும் ஆழமாக்கியது. முழு திராட்டிலில் புரொப்பெல்லரின் எதிர்முறுக்கும் இடப்பக்கமே தள்ளியது. காப்பாற்றச் செய்த இரண்டும் அதே திசையில் வேலை செய்தன.

அப்போது உயரம் 24 மீட்டர். விழுந்து சேர இரண்டரை நொடிகூட ஆகவில்லை. தனி அனுமதியில்லாமல் 200 அடிக்கு, அதாவது ஏறத்தாழ 60 மீட்டருக்கு மேல் போகக்கூடாது என்பதால் நம் ஊரில் எல்லாமே தாழ்வான வட்டங்கள்தான். இதைக் குறையாகச் சொல்லவில்லை. ஐந்து விமானத்தளங்கள் உள்ள சிறிய தீவில் வேறு எப்படி இருக்க முடியும்? ஆனால் வெளிநாட்டுக் காணொளிகளில் பார்த்துப் பழகிய திருப்பங்களை இங்கே அப்படியே செய்ய இடமில்லை.

அடுத்த பஃபலோ

உடலின் முன்பாதியையும் இடது இறக்கையின் அடிப்பகுதியையும் அண்ணன் எட்டு மாதத்தில் புதிதாகக் கட்டினார். உலோக வால்கால் போய்க் கம்பிக்கால் திரும்ப வந்தது. பலப்படுத்திய பிளைவுட்டில் பெரும்பகுதியைச் செதுக்கி எடுத்தார். வாலில் 41 கிராம் இறங்கியதும், மீதமிருந்த 29 கிராமுக்கு மூக்கில் 83 கிராம் ஈயமே போதுமானதாக இருந்தது. இடது நுனி, புதிதாகச் செய்த ஆப்புப் பலகையில் வைத்து மறுபடி திறந்து ஒட்டப்பட்டது. பேட்டரித் தட்டில் சிவப்புக் கோட்டுக்குப் பதிலாக மரக்கட்டை ஒன்று இருக்கிறது. பேட்டரி அதைத் தொடாவிட்டால் மூடி மூடாது. இறக்கையில் காற்றுவேகமானி ஒன்று ஏறியது. வேகம் 55க்குக் கீழே போனால் டிரான்ஸ்மிட்டர் குரல் கொடுக்கும். அந்தக் குரல் எரிச்சலூட்டுகிறது என்று எல்லோரும் சொல்கிறோம், யாரும் அணைக்கச் சொல்வதில்லை.

மூன்றாவது பறப்பில், 55 மீட்டர் உயரத்தில், காற்றை எதிர்கொண்டு நேராக வைத்து, வேண்டுமென்றே ஸ்டால் செய்து பார்த்தோம். மூக்கு நேராகத் தாழ்ந்தது. இறக்கைகள் கிட்டத்தட்ட மட்டமாகவே இருந்தன. எலிவேட்டரைத் தளர்த்தியதும் மீண்டது; பதிவில் இழந்த உயரம் 14 மீட்டர். அண்ணன் ஒன்றும் பேசவில்லை. இன்னொரு முறை செய்து பார்த்துவிட்டு இறக்கினார்.

லிஃப்ட் கதவு பட்ட இடத்தில் பச்சை வண்ணம் இன்னும் ஒரு சாயல் வேறாகத்தான் இருக்கிறது. அதை மறுபடி பூசலாமா என்று போன வாரம் கேட்டேன். சுவரில் ஒட்டியிருந்த தாளைக் காட்டினார். ‘இடது நுனி, பச்சை: 3 கிராம்’ என்று எழுதி, பக்கத்தில் ‘வேண்டாம்’ என்று போட்டிருந்தது.